டின்னைத் திறந்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்

ரம் போட்ட பைப் புகையிலையைப் பற்றி ஆட்கள் சொல்வதில் பாதிக்கு மேல் டின்னைத் திறந்த அந்த நிமிடத்தைப் பற்றித்தான். மூடியைத் தூக்கியதும் முந்திரிகை வற்றல், கருகிய சீனி, கொஞ்சம் வனிலா என்று ஒரு மணம் எழும்பும். மூக்கு மயங்கும். நெருப்பு வைக்கும் முன்பே மனசு புள்ளி போட்டு முடித்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டின்னுக்குள் ரம் மணப்பது ஒரு பெரிய வித்தை அல்ல. பைப்பின் கிண்ணத்தில் பாதி எரிந்த பிறகு அந்த ரம் எங்கே நிற்கிறது, கூட இருக்கும் இலையின் புகை மணத்தோடு சேர்ந்துவிட்டதா, இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு பார்ப்பதென்றால் இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது 50 கிராம் டின் ஒன்று. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது, சுங்கத்தில் சொல்லிக் கட்ட வேண்டியதைக் கட்டிக் கொண்டுவந்தது. லேபிளில் போட்டிருப்பது இவ்வளவுதான்: சைப்ரஸ் லடாக்கியா, வெர்ஜீனியா, கறுப்புக் கவன்டிஷ், ரம். முதல் மூன்றும் புகையிலை வகைகள். பெயரைச் சொல்ல மாட்டேன். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். நான் எழுதுவது விளம்பரம் இல்லைதான். ஆனாலும் அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பயமில்லை என்று சிலர் கதைப்பார்கள். அது சரியில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் பைப் பிடிப்பவர்களையும் பிடிக்கும். புகைக்காத ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம் வராது. ஏற்கெனவே இதில் இருப்பவர்களுக்கும், ஒரு இலை எப்படிப் பக்குவமாகிறது என்று அறிய ஆசைப்படுபவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

சரி, முதலில் புகை.

லடாக்கியா என்பது சிரியாவின் ஒரு துறைமுகத்தின் பெயர். அந்தப் பக்கத்தில் விளைந்து அந்தத் துறைமுகத்தால் வெளியே போன இலைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. பிறகு சைப்ரஸிலும் செய்யத் தொடங்கினார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அனேகமாகச் சைப்ரஸ் சரக்குத்தான். இலையை வெயிலில் காயவைத்து, பிறகு கொட்டகைக்குள் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டுவார்கள். சுவாலை எழும்பக் கூடாது, புகை மட்டும்தான் வேண்டும். பைன், மர்ட்டில், மஸ்டிக் போன்ற மரங்களும் செடிகளும் அதில் புகையும். மஸ்டிக்கில் பிசின் உண்டு. இப்படி மாதக் கணக்கில் புகை குடித்த இலை கறுத்துப் போகும். அதன் மணத்தை மேல்நாட்டார் தோல், தார், முகாம் நெருப்பு என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது சாம்பிராணி. வெள்ளிக்கிழமை பின்னேரம் தணலில் போட்ட சாம்பிராணியின் முதல் புகை இல்லை, அது அடங்கிய பிறகு அறைச் சுவரில் தங்குகிற மணம்.

இந்த முறை நமக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்தில் புகையிலையைப் பாடம் போடுவதும் புகையால்தான். தேங்காய்ப் பொச்சும் பனை ஊமலும் புகையவிட்டு, குடிலுக்குள் இலையை அடுக்கிப் புகை ஏற்றுவார்கள். அந்த இலைதான் ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. வாயில் போடும் புகையிலைக்கு அங்கே யாழ்ப்பாண இலை என்றால் தனி மதிப்பு. செம்மண் தோட்டம், கிணற்றுத் தண்ணீர், ஆட்டெரு, பிறகு இந்தப் புகை. சுருட்டு இலைக்குப் பனங்கட்டிப் பாணியும் போடுவார்கள். அதைக் கோடா என்பார்கள். ஆக, புகையும் இனிப்பும் சேர்ந்த புகையிலை எங்கள் பக்கத்தில் பழைய சங்கதி. மரம் வேறு, சீனி வேறு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இலை அந்த இரண்டையும் உள்வாங்கியதா?

இந்தக் கேள்வியை என் தலையில் போட்டவர் எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஐயா. ஒரு காலத்தில் ஊரில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் காது கொடுத்தபடி சுருட்டுச் சுற்றுவார்களே, அப்படிப்பட்ட கொட்டில். இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறார். வைத்தியர் சொல்லிப் புகையை முழுதாக விட்டுவிட்டார். ஆனால் இலையை மணந்து பார்க்கச் சொன்னால் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோகவே இல்லை. முதலில் ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினார். இலையைத் தட்டிவிட்டு, வெறும் விரலை மணந்து பார்த்தார். பிறகு இலையை எடுத்தார்.

“தம்பி, இது புகை குடிச்ச இலை.”

“எப்பிடி ஐயா சொல்லுறியள்?”

“மணம் இலைக்குள்ள இருந்து வருது. எங்கட குடில்ல பொச்சுப் புகை போட்டு இறக்கின இலையும் இப்பிடித்தான், கழுவினாலும் போகாது.” மறுபடி விரலை மணந்தார். “ஆனா இந்த இனிப்பு வேற. விரலிலயே ஒட்டுது பாரும். இது பிந்தி வந்து ஏறினது. உள்ளுக்கு இறங்கேல்லை.”

ரம் என்று நான் சொல்லவில்லை. லேபிளும் அவருக்குக் காட்டவில்லை. போகிற நேரம் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்: “பாணி போட்ட இலையை உடன சுத்தக் கூடாது. பாரம் வைச்சுக் கிடக்க விடோணும்.”

அன்றிரவு ஒரு வெள்ளைத் தாளை விரித்து, டின்னில் இருந்து கொஞ்சத்தைப் போட்டு இழை இழையாகப் பிரித்தேன். கறுப்பு இழைகள் இரண்டு வகை. ஒன்று மங்கிய கறுப்பு, உலர்ந்தது, ஓரம் கொஞ்சம் மண்ணிறம். அது லடாக்கியா. மற்றது பளபளக்கும் கறுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு. அது கவன்டிஷ், வெர்ஜீனியாவையோ பெர்லி என்ற இன்னொரு வகை இலையையோ ஆவியில் அவித்து அழுத்திக் கறுப்பாக்கியது. தனக்கென்று பெரிய சுவை இல்லாதது, ஊற்றுவதை எல்லாம் உறிஞ்சிக்கொள்வது. மூன்றாவது, பழுப்பும் மஞ்சளுமாக வெர்ஜீனியா. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குவித்துவிட்டு மணந்து பார்த்தேன். ரம் முழுக்கக் கவன்டிஷில் இருந்தது. வெர்ஜீனியாவில் பேருக்குக் கொஞ்சம். லடாக்கியாவில் அறவே இல்லை. டின்னுக்குள் ஒன்றாக இருந்தபோது ஒரே மணமாகத் தெரிந்தது, தாளில் பிரித்துப் போட்டதும் மூன்று சாமான்களாகிவிட்டது. ஐயாவின் விரல் சொன்னதும் இதைத்தான்.

புகையிலைக்குச் சுவை சேர்ப்பதில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று, வெட்டுவதற்கு முன்பே இலையைச் சீனி, மொலாசஸ், கொக்கோ, அதிமதுரம் போன்றவை கலந்த நீரில் நனைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து உள்ளே இறங்க விடுவது. மற்றது, எல்லாம் வெட்டிக் கலந்து முடிந்த பிறகு கடைசியில் மேலே தெளிப்பது. முன்னதை நாக்கு உணரும், மூக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்னது டின்னைத் திறந்ததும் துள்ளி எழும்பும், நெருப்பைக் கண்டதும் ஓடிவிடும். அதில் அதிசயம் இல்லை. மதுசாரம் 78 பாகை செல்சியஸிலேயே கொதித்துப் போய்விடும். பைப்பில் தணல் இருக்கும் இடத்தில் பல நூறு பாகைச் சூடு. தணலின் சூடு கீழே இருக்கும் எரியாத இலையையும் வதக்கும்போது, மேலாகத் தெளித்ததெல்லாம் முதல் சில இழுப்புகளிலேயே ஆவியாகி வந்து முடிந்துவிடும். கடைசி வரை நிற்கக்கூடியது இலைக்குள் ஊறிய சீனியும், எளிதில் ஆவியாகாத கனமான மணப் பொருட்களும்தான். ஆகவே எந்த ரம் புகையிலையும் ரம் குடித்தது போல இருக்காது. அப்படி எதிர்பார்ப்பதும் அதற்குச் செய்யும் அநியாயம். நல்ல ரம் புகையிலையில் ரம்முக்கு ஒரு வேலை உண்டு: புகையின் கூரான ஓரங்களை மழுக்கி, இலையின் கசப்பைக் கருகிய சீனியின் பக்கம் கொண்டுபோவது. அந்த வேலையைச் செய்தால் மணம் வராவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

ரம்மும் புகையிலையும் சேர்ந்த கதை கப்பலில் தொடங்கியது என்பார்கள். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் தங்களுக்குக் கிடைத்த இலையை ரம்மில் நனைத்து, நீளமாக உருட்டி, துணி சுற்றி, கயிற்றால் இறுக்கி இறுக்கி வரிந்து கட்டி வைப்பார்களாம். வேண்டும்போது நுனியில் இருந்து மெல்லிசாகச் சீவி எடுப்பது. இன்றைக்கும் ‘நேவி’ என்ற சொல் பல புகையிலை டின்களில் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். திருகோணமலை அந்தக் கடற்படையின் தளமாக 1957 வரை இருந்தது. மாலுமிகளுக்கு நாள் தவறாமல் கொடுத்த ரம் பங்கீடு 1970 ஜூலை 31 உடன் நின்றது. இந்தக் கதையில் எல்லாரும் ரம்மைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பிடித்துக்கொள்வது கயிற்றை. அந்த இறுக்கமும் கடலில் கழிந்த காலமும் இல்லாமல் வெறும் ரம் அந்த இலையை ஒன்றும் செய்திருக்காது. சுருட்டுக் கொட்டில் ஐயா பாரம் வைக்கச் சொன்னதும், மாலுமி கயிறு சுற்றியதும் ஒரே வேலை.

இனிக் கொழும்புக்கு வருகிறேன். எங்கள் பால்கனிக்கு முன்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். துணி காயாத, உப்பு இளகி நீர் விடும் காற்று. ‘அரை மணி நேரம் விரித்துக் காயவிடுங்கள்’ என்று குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரை இங்கே பலிக்காது. ஒக்டோபர், நவம்பர் மழையில் புகையிலையை விரித்து வைத்தால் காய்வதற்குப் பதிலாகக் கூட ஈரம் ஏறும். இப்படி வாசனை சேர்த்த கலவைகளில் பலவற்றில் புரப்பிலீன் கிளைக்கோல் என்ற ஈரம் காக்கும் திரவமும் சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரை விடாது. அந்த நிலையில் பற்றவைத்தால் பைப்பின் அடியில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம், நாக்கில் ஆவிச் சூடு, வாயில் அவித்த இலையின் சுவை. பிறகு ‘இந்தப் புகையிலை நாக்கைச் சுடுகிறது’ என்று பழி போடுவார்கள். புகையிலை பாவம்.

அப்புறம் என்ன வழி? ஏசி போட்ட அறைதான். ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடும். ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஏசி ஓடும் அறையில் வைத்து, இடையிடையே விரலால் அமுக்கிப் பார்ப்பேன். அமுக்கி விட்டதும் கட்டியாக ஒட்டி நின்றால் இன்னும் ஈரம். மெதுவாகப் பிரிந்து எழும்பினால் சரி. நொறுங்கினால் கூடிப்போய்விட்டது. ஏசி இல்லாதவர்கள் மேசை விளக்கின் கீழ் வைக்கலாம், ஆனால் ஓரம் கருகாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பிலும் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். ஒரு புகையிலையை ஒழுங்காக மதிப்பிட வேண்டுமென்றால் நான் காத்திருப்பது அந்த மாதங்களுக்குத்தான்.

ஆனால் இங்கே ஒரு இக்கட்டு. மேலாகத் தெளித்த ரம், இலை காயக் காய அதுவும் போய்க்கொண்டே இருக்கும். எரியும் பக்குவத்துக்குக் காய்ந்த இலையில் ரம் பாதிதான் மிச்சம். ஈரத்தோடு பிடித்தால் ரம் இருக்கும், புகை இருக்காது. காயவைத்துப் பிடித்தால் புகை இருக்கும், ரம் இருக்காது. இந்த டின்னின் குணத்தை இந்த ஒரு பிரச்சினையே காட்டிக்கொடுத்துவிட்டது. நன்றாக ஊறிய கலவையாக இருந்திருந்தால் காய்வதால் அதற்கு இவ்வளவு நட்டம் வராது.

மதிப்பிடுவதற்கு நான் எடுப்பது சோளப்பொத்திப் பைப். பிரையர் மரத்துச் சுங்கான் அழகு, ஆனால் அது பழைய புகையிலைகளின் ஞாபகத்தை வைத்திருக்கும். லடாக்கியா பிடித்த பிரையரில் நாளைக்கு வேறு எதைப் போட்டாலும் லடாக்கியாவும் கூடவே வரும். கூடப் பிளேன்டீ, சீனி இல்லாமல். ரம் புகையிலையை ரம் குடித்துக்கொண்டு மதிப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. கண்ணாடிக் குவளையில் இருக்கும் ரம்முக்கும் கிண்ணத்தில் இருக்கும் ரம்முக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. நேரம், கடற்காற்று அடங்கிய பிறகு. காற்றில் பிடித்தால் தணல் தானாகவே சீறி எரிந்து எல்லாச் சுவையையும் சுட்டுவிடும். நெருப்புக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்து மரத்தில் பிடித்த பிறகுதான் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், விடுங்கள்.

முதல் பகுதி இந்தக் கலவையின் மிக அழகான பகுதி, அதை மறுக்க மாட்டேன். பற்றவைத்த உடனே கருகிய சீனி, அதன் பின்னால் மெதுவாகச் சாம்பிராணி. ரம் நாக்கின் நுனியில், புகை மூக்கின் பின்புறத்தில். புகையை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து மூக்கால் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போவது போலத் தெரியும். சேர்ந்துவிடும் என்று மனசு நம்பத் தொடங்கும். வெர்ஜீனியாவின் புளிப்புக் கலந்த இனிப்பும் எட்டிப் பார்க்கும்.

சேரவில்லை. கிண்ணம் மூன்றில் ஒன்று இறங்கிய இடத்தில் ரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. மெல்லக் குறைந்து போவதில்லை, அடுத்த இழுப்பில் இல்லை, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தில் கவன்டிஷின் தட்டையான இனிப்பு மட்டும் நிற்கிறது. வனிலா போல ஏதோ ஒன்று, மாவுத்தன்மையோடு. நடுப்பகுதி முழுக்க எனக்கு அலுப்பு. லடாக்கியா இருக்கிறது, ஆனால் தட்டிக்கொடுக்க ஆளில்லாமல் தனியே நின்று கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசுகிறது. இந்த இடத்தில்தான் வேகமாக இழுக்கத் தோன்றும், போன ரம்மைக் கூப்பிடுவதற்காக. இழுக்கக் கூடாது. சூடு கூடினால் கசப்புத்தான் வரும்.

கடைசிப் பகுதியில் ஒரு ஆச்சரியம் இருந்தது. இனிப்பெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு லடாக்கியாவும் வெர்ஜீனியாவும் மட்டும் மிஞ்சின. அந்த இரண்டும் எவ்வளவு நல்ல இலைகள் என்று அப்போதுதான் தெரிந்தது. பைன் பிசின், உலர்ந்த தோல், அடியில் ஒரு உப்புக் கரிப்பு, கூடவே பழுத்த இலையின் சன்னமான இனிப்பு. புகை வாய் நிறைய வந்தது, தொண்டையைக் கரண்டவில்லை. இந்த அடித்தளத்தைக் கலந்தவருக்குக் கை தெரியும். மேலே ரம் தெளிக்கச் சொன்னவர்தான் அவசரக்காரர். கிண்ணத்தின் அடியில் மட்டும் ஈரம் தேங்கிக் கொஞ்சம் மிச்சமானது. அதைத் தட்டிக் கொட்டிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. மனைவிக்கு என் பைப் பிடிக்காது, அதை மறைத்ததும் இல்லை. ஆனால் அவவின் மூக்கு என்னுடையதைவிடக் கூர்மை. கதிரையில் போட்டிருந்த என் சேர்ட்டைத் துவைக்க எடுத்தவ, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தா.

“ரம் எண்டு சொன்னியள்? இதில ரம்மும் இல்லை, ஒண்டும் இல்லை. கோயில் மடைப்பள்ளிக்குள்ள நிண்டிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“அது கூடாத மணமோ?”

“கூடாதெண்டு சொல்லேல்லை. ஆனா ரம் இல்லை.”

டின் மூடியில் ஓங்கி நின்ற மணம், புகைத்து முடித்த துணியில் ஒரு துளி கூட இல்லை. மூடியில் ஒன்றுமே சொல்லாத லடாக்கியா இரவு முழுக்கத் தங்கியிருக்கிறது. உள்ளே இறங்கியது எது, மேலே கிடந்தது எது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் அடித்தளம் அவ்வளவு நன்றாக இருந்ததால் டின்னை விட்டுவிட மனம் வரவில்லை. ஐயாவின் பேச்சு காதில் கிடந்தது. பாதியை எடுத்து, ஏசி அறையில் ஓரளவுக்கு ஈரத்தைக் குறைத்தேன். இது முக்கியம். எங்கள் காற்றில் ஈரத்தோடு அமுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு ஒரு சிறிய சதுரத் தகரப் பெட்டியில் நிரப்பி, மேலே அளவாக வெட்டிய பலகைத் துண்டை வைத்து, தச்சர்கள் பலகை ஒட்டப் பிடிக்கும் இரும்புக் கவ்வி ஒன்றைப் போட்டு முறுக்கினேன். தினமும் ஒரு சுற்று. இலை அமுங்க அமுங்கக் கவ்வி தளரும், மறுபடி முறுக்க வேண்டும். இனி முறுக்க முடியாது என்ற இடத்தில் நிறுத்தி, பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் சில வாரம் திறக்கவில்லை. மற்றப் பாதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் போத்தலில் அப்படியே கிடந்தது.

திறந்தபோது கறுப்புக் கட்டி ஒன்று வந்தது. கத்தியால் வெட்டினால் குறுக்கு வெட்டில் கறுப்பும் பழுப்புமாக வரி வரியாகத் தெரிந்தது. முதலில் கவனித்தது, மூக்குக்கு ரம் குறைந்திருந்தது. டின்னை வைத்து மார்க் போடுகிறவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். இரண்டாவது, அந்தப் பளபளப்பும் பிசுபிசுப்பும் போய்விட்டன. கவன்டிஷ் எது, லடாக்கியா எது என்று கண்ணால் பிரிப்பது கடினமாகிவிட்டது. மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். ஐயா விரலில் வைத்துத் தேய்த்தார், விரலை மணந்தார், தலையை ஆட்டினார்.

“இப்ப சரி. இப்பதான் ஒரு சாமானா இருக்கு.”

பிடித்துப் பார்த்ததிலும் வித்தியாசம் தெளிவு. முதல் பகுதியின் அந்தத் துள்ளல் இல்லை, அதற்காகக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நடுப்பகுதியில், முன்பு ரம் தொலைந்துபோன அதே இடத்தில், கருகிய சீனியின் இனிப்பு இன்னும் இருந்தது. அடங்கி, லடாக்கியாவின் தோளில் கை போட்டபடி. அந்த வனிலா மாவுத்தன்மை பின்னுக்குப் போய்விட்டது. முக்கால் பங்கு வரைக்கும் இனிப்பைத் தேடிப் பிடிக்க முடிந்தது. கட்டியில் இருந்து சீவி எடுத்த இலை மெதுவாக எரிந்ததால் நாக்கும் சுடவில்லை. கடைசிப் பகுதி முன்பு போலவே நன்றாக இருந்தது. போத்தலில் இருந்த மற்றப் பாதியையும் அடுத்தடுத்த கிழமைகளில் எடுத்துப் பார்த்தேன். அதன் ரம் இன்னும் மேலேயேதான் மிதந்துகொண்டிருந்தது, கொஞ்சம் மங்கலாக. காலம் மட்டும் போதாது, பாரமும் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இதை வைத்து இந்தக் கலவைக்கு என் மதிப்பு இதுதான். லடாக்கியாவும் வெர்ஜீனியாவும் முதல் தரம். அளவும் சரி, புகை முன்னுக்கு வந்தாலும் அதட்டவில்லை. கவன்டிஷைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ரம் மணத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறையில்லை, கொடுத்த விதத்தில்தான் குறை. வாங்கியபடியே டின்னில் இருந்து நேராகப் பிடிப்பவருக்கு இது ஒரு நடுத்தரப் புகையிலை, முதல் பத்து நிமிடம் மட்டும் அதற்கு மேல். அமுக்கி வைக்கப் பொறுமை உள்ளவருக்கு நல்ல புகையிலை. லடாக்கியா வருடக் கணக்கில் கிடந்தால் அதன் புகை மணம் மெல்ல மெல்லத் தணியும், வெர்ஜீனியா அதே காலத்தில் இன்னும் கனியும். ஆகவே இதை நீண்ட காலம் அடுக்கி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அமுக்கி, ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவதே நல்லது.

மச்சான் போன கிழமை அழைத்துக் கேட்டான், அடுத்த முறை வரும்போது வேறு ஏதாவது பார்க்கவா என்று. இதிலேயே இன்னும் இரண்டு டின் கேட்டிருக்கிறேன். கூடவே, அதே கம்பனி ரம் போடாமல் லடாக்கியாவும் வெர்ஜீனியாவும் மட்டும் கலந்து விற்கிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். இருந்தால் அதில் மூன்று, ரம்முக்குப் பதிலாக எங்கள் பனங்கட்டிப் பாணி போட்டு அமுக்கிப் பார்க்க. பனங்கட்டிக்கு ஐயாவின் மகள் ஊருக்குச் சொல்லிவிட்டிருக்கிறா. பாணி எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை ஐயா பக்கத்தில் இருந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். கவ்வி என்னிடம் இருக்கிறது.